ஆண் கடலின் கரையிலே
ஸ்ரீரங்கத்து உபாத்தியாயர் எழுதுவது

தமிழ்நாட்டுப் படத்தைச் சுவரில் மாட்டி, "எல்லைகளைக் காட்டு" என்று ஒரு பையன் கையில் பிரம்பைக் கொடுத்துப் பாருங்கள். வடக்கையும் மேற்கையும் வெகு ஜாக்கிரதையாகத் தொட்டுக் காட்டுவான். கிழக்கும் தெற்கும் வந்ததும், நீல வர்ணத்தின் மேல் பிரம்பை ஓர் இழுப்பு இழுத்து, "கடல், சார்!" என்று சொல்லிவிட்டு இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவான். கடல் வந்தால் நாடு முடிந்தது என்பது அவன் எண்ணம். பையனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். நமக்குக் கடல் ஒரு சுவர். ஆனால் கடற்கரையில் பிறந்தவனுக்கோ அது வீட்டு வாசலில் போகும் ராஜபாட்டை.

அப்படிப்பட்ட ராஜபாட்டைகளில் ஒன்றைப் பற்றி இந்த வாரம் நேயர்களுடன் பேச விரும்புகிறேன். அதற்கு மன்னார் வளைகுடா என்று பெயர். (தஞ்சைச் சீமையிலுள்ள மன்னார்குடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவன் ஆகையால் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது.) இராமேசுவரம், சேது என்னும் மணல் திட்டுக்கள், இலங்கையைச் சேர்ந்த மன்னார்த் தீவு ஆகிய மூன்றும் இதற்கு வடக்கு வேலி. மேற்கே இராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர்க் கரை. கிழக்கே சிலாபத்துறை, கற்பிட்டி, புத்தளம் முதலிய இலங்கைக் கரை. தெற்கே இந்து மகா சமுத்திரத்தை நோக்கி வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. சேதுவுக்கு வடபுறம் இருப்பது பாக் நீரிணை. அது பெரும்பாலும் ஆழம் குறைந்து அடங்கிக் கிடப்பதால் இராமேசுவரத்துச் செம்படவர்கள் அதைப் 'பெண் கடல்' என்பார்கள். அலை புரளும் மன்னார்க் குடாவுக்கு 'ஆண் கடல்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த ஆண் கடலின் இரு கரைகளிலும் பல நூற்றாண்டுகளாகத் தமிழ் பேசும் முஸ்லிம்கள் வசித்து வருகிறார்கள். நம் பக்கத்தில் கீழக்கரை, காயல்பட்டினம், வேதாளை, பாம்பன். அந்தப் பக்கத்தில் எருக்கலம்பிட்டி, முசலி, கற்பிட்டி, புத்தளம். அவர்கள் எப்படி வந்தார்கள், ஏன் அந்த இடங்களில் தங்கினார்கள் என்பதற்கு விடை பாதி சரித்திரத்தில் இருக்கிறது. பாதி பூகோளத்தில் இருக்கிறது.

முதலில் ஆற்றைக் கவனிப்போம். பாண்டிய நாட்டின் பழைய துறைமுகம் கொற்கை. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிரேக்க மாலுமி எழுதி வைத்த கடல் வழிக் குறிப்பிலேயே கொற்கையின் முத்துச் சலாபம் இடம் பெற்றிருக்கிறது. தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு அங்கே முத்து எடுத்தார்கள் என்றும் அவர் குறித்திருக்கிறார். இன்று கொற்கைக்குப் போனால் கடலைக் காண முடியாது. வயலும் வாழையுமே இருக்கும். தாமிரவருணி கொண்டு வந்து தள்ளிய வண்டல் கடலைச் சில மைல் தூரம் விரட்டிவிட்டது. துறை தூர்ந்ததும் வியாபாரிகள் கடலைத் தேடிக் காயலுக்கு நகர்ந்தார்கள். அந்தக் காயலும் பிற்காலத்தில் தூர்ந்து 'பழைய காயல்' ஆயிற்று. அதன்பின் புன்னைக்காயலும் காயல்பட்டினமும் தூத்துக்குடியும் தலையெடுத்தன. ஆறு துறைமுகத்தைத் துரத்திற்று. துறைமுகத்தின் பின்னே மனிதர்கள் போனார்கள். அப்படிப் போனவர்களில் பரதவர் இருந்தார்கள், செட்டிகள் இருந்தார்கள், சோனகர் என்று நம் முன்னோர் அழைத்த அராபிய வணிகரும் அவர்கள் வழி வந்தவர்களும் இருந்தார்கள்.

அராபியருக்கு இங்கே என்ன வேலை? இரண்டு சரக்குகள் அவர்களை இழுத்தன. இங்கிருந்து ஏற்றிச் செல்ல முத்து. இங்கே கொண்டு வந்து இறக்கக் குதிரை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, ஹொர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரை ஏற்றிவரும் கப்பல்கள் எல்லாம் காயலில் தங்கும் என்று எழுதியிருக்கிறார். அதே காலத்துப் பாரசீக ஆசிரியரான வஸ்ஸாப், ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் இந்தக் கரைக்கு வந்ததாகக் கணக்குக் கொடுக்கிறார். இங்கே வந்த குதிரைகளுக்கு வறுத்த தானியத்தில் வெண்ணெய் கலந்து கொடுத்து, காய்ச்சிய பசும்பாலும் ஊட்டினார்களாம்! நமது உபசாரத்தைத் தாங்க மாட்டாமல் குதிரைகள் மாண்டன, அடுத்த வருஷம் புதிய குதிரைகள் தேவைப்பட்டன, வியாபாரம் செழித்தது. பாண்டிய மன்னனுக்குத் தகியுத்தீன் என்ற முஸ்லிம் ஒருவர் மந்திரியாக இருந்து துறைமுகங்களைப் பரிபாலித்தார் என்பதும் வஸ்ஸாப் தரும் செய்தியே.

இந்தக் குதிரை வியாபாரம் நம் பக்திக் கதைகளிலும் புகுந்திருக்கிறது. பாண்டியன் கொடுத்த பொன்னுடன் குதிரை வாங்கக் கடல் துறைக்குப் புறப்பட்டவர்தாம் மாணிக்கவாசகர். அவருக்காகச் சிவபெருமான் குதிரை வணிகனாக வேஷம் பூண்டு வந்ததைக் குழந்தைகளும் அறிவார்கள். குதிரை வீரனுக்கு 'இராவுத்தன்' என்று பெயர். மயிலை வாகனமாக உடைய முருகப்பெருமானையே அருணகிரிநாதர் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறார். இன்று அது நம் முஸ்லிம் சகோதரர்களில் ஒரு பிரிவாரின் பெயர். மற்றொரு பிரிவினரான மரக்காயரின் பெயரோ, மரக்கலத்திலிருந்து வந்ததென்று பலரும் கூறுவர். குதிரை ஒருவருக்கும் கப்பல் ஒருவருக்குமாகப் பெயரிலேயே தொழில் பதிந்திருக்கிறது.

இப்பொழுது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் பிள்ளைகள் படிக்கும் சரித்திரத்தில் இஸ்லாம் கைபர் கணவாய் வழியாக, கையில் வாளுடன், குதிரை மேல் வருகிறது. வடநாட்டுக்கு அந்தப் பாடம் ஒரு பாதி உண்மையாகலாம். தமிழ்நாட்டுக்கோ அது முதல் பாடமன்று. இங்கே கணவாய் வழியாகச் சேனை வருவதற்கு வெகு காலம் முன்பே, கடல் வழியாகக் கப்பல் வந்துவிட்டது. குதிரை வந்தது உண்மை. ஆனால் அது விலைக்கு வந்த குதிரை.

சேனை வரவில்லை என்று நான் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு அப்படிச் சொல்ல முடியுமா? 1311-ல் மாலிக் காபூரும், 1323-ல் டில்லியின் மற்றொரு படையும் தெற்கே வந்ததும், அரங்கன் ஊர் ஊராக மறைந்திருந்து 1371-ல் கோயிலுக்குத் திரும்பியதும் இந்த ஊரார் வழிவழியாகச் சொல்லி வரும் வரலாறு. ஆனால் அந்தக் கதையில் இன்னொரு பக்கமும் உண்டு. மாலிக் காபூரின் படையெடுப்பைப் புகழ்ந்து எழுதிய அமீர் குஸ்ரு, வீரபாண்டியன் தரப்பிலேயே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார். அவர்களைப் பாதி இந்துக்கள் என்று இகழ்ந்துவிட்டு, கலிமா சொல்லத் தெரிந்ததால் உயிர்ப் பிச்சை அளிக்கப்பட்டார்கள் என்கிறார். டில்லிக்காரர் கண்ணுக்கு இவர்கள் பாதி இந்துக்கள். பாண்டியனுக்கோ தன் பக்கத்தில் நின்ற குடிகள். நாம் எந்தக் கண்ணால் பார்ப்பது என்பதே கேள்வி. ஸ்ரீரங்கம் தனக்குரிய விடையை வெகு காலம் முன்பே சொல்லிவிட்டது. கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கு ஒரு சந்நிதி அமைத்து, அரங்கனுக்கு ரொட்டி நிவேதனமும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். காயம் பட்ட ஊர், காயத்தை மறக்காமலே உறவு கொண்டாடும் வழியைக் கண்டுபிடித்தது.

சில வருஷங்களுக்கு முன்பு என் வகுப்பில் கீழக்கரைப் பையன் ஒருவன் வந்து சேர்ந்தான். முதல் வாரத்திலேயே பக்கத்துப் பெஞ்சிக்காரன் அவனைப் பார்த்து, "உங்கள் வீட்டில் உருதுதானே பேசுவீர்கள்? தமிழ் எப்போது கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டான். கேட்டவன் பொல்லாதவன் அல்ல. உண்மையாகவே தெரியாமல் கேட்டான். கீழக்கரைப் பையன் கொஞ்சம் திகைத்துவிட்டு, "எங்கள் வாப்பாவுக்கும் உருது தெரியாது, வாப்பாவின் வாப்பாவுக்கும் தெரியாது. நீ எப்போது தமிழ் கற்றுக்கொண்டாயோ, அப்போதுதான் நானும்!" என்றான். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேள்வி கேட்டவன் தமிழில் நல்ல மதிப்பெண் வாங்குகிறவன். இத்தனை படித்தும் தன் பாஷையின் எல்லை எதுவரை என்பது அவனுக்குத் தெரியாமல் போயிற்றே என்று தோன்றியது.

அந்தப் பையனுடைய ஊரின் தமிழைச் சற்றுக் கேளுங்கள். இறைவனை வணங்குவது தொழுகை. உபவாசம் நோன்பு. வணங்கும் இடம் பள்ளி. வேதம் படிப்பது ஓதுதல். இவை யாவும் சுத்தத் தமிழ்ச் சொற்கள். காலை ஆகாரம் உண்பதை அவர்கள் 'பசியாறுதல்' என்பார்கள். குழம்பை 'ஆணம்' என்பார்கள். நாமோ 'டிபன்' சாப்பிடுகிறோம்! அரபி எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக எழுத்துக்களில் புள்ளிகளைக் கூட்டி, அரபி லிபியிலே தமிழ் எழுதும் 'அரபுத் தமிழ்' முறையையும் அவர்கள் வளர்த்தார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் பெரிய நூல்கள் எழுதியிருக்கிறார்.

கீழக்கரை என்றதும் சீதக்காதியை நினையாமல் இருக்க முடியுமா? 17-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்தக் கப்பல் வியாபாரியின் இயற்பெயர் ஷெய்கு அப்துல் காதிர். பாமர நாவில் அது சீதக்காதியாகிவிட்டது. கிழவன் சேதுபதிக்கு அவர் உற்ற நண்பர். சேதுவைக் காக்கும் இந்து மன்னருக்கும் கடலை ஆண்ட முஸ்லிம் வணிகருக்கும் இருந்த தோழமை இராமநாதபுரச் சீமையின் பெருமைகளில் ஒன்று. 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்று நம் பாட்டிமார் சொல்லும்போது அவர் எந்த மதத்தவர் என்று யாரும் யோசிப்பதில்லை. அவர் ஆதரவில்தான் எட்டயபுரத்து உமறுப்புலவர், நபிகள் நாயகத்தின் சரித்திரத்தை ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடத் தொடங்கினார். அந்த நூலில் அரபு நாட்டிலே ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது, மருத நிலம் செழிக்கிறது. பூகோளப் பரீட்சையில் இதற்கு மதிப்பெண் போட முடியாது. ஆனால் புலவர் அதைத் தெரியாமல் பாடவில்லை. தம் நாயகர் பிறந்த மண்ணுக்குத் தம் நாட்டின் நீர்வளத்தையே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தாமிரவருணியைப் பார்த்தவன் வேறு எதைக் கொடுப்பான்?

இனித் தொழிலைப் பார்ப்போம். இந்தக் கடலின் அடியில் முத்துச் சிப்பி விளையும் திட்டுக்களுக்குப் 'பார்' என்று பெயர். காற்று அடங்கியிருக்கும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் சலாபம் கூடும். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அராபியரும் அருகருகே மூழ்கி எடுப்பார்கள். சுறா மீன்களின் வாயைக் கட்டுவதற்காகக் 'கடல் கட்டி' என்ற மந்திரவாதி ஒருவர் உண்டு. அவர் கரையில் இருந்து மந்திரம் சொன்னாலன்றி எந்த மதத்துக் குளிகாரரும் தண்ணீரில் இறங்க மாட்டார். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உத்தியோகம் பார்த்த டென்னன்ட் துரை, தாம் கண்ட கடல் கட்டி ஒரு கத்தோலிக்கக் கிறிஸ்தவர் என்று வியப்புடன் எழுதியிருக்கிறார். இந்துக்களின் மந்திரத்தைக் கிறிஸ்தவர் சொல்ல, முஸ்லிம் தைரியமாக மூழ்கினார்! சுறாவுக்கு முன்னால் எல்லாரும் ஒன்றுதான் போலும்.

முத்தைவிட நிரந்தரமான தொழில் சங்கு குளிப்பது. அதில் கீழக்கரை முஸ்லிம்கள் பேர் பெற்றவர்கள். அவர்கள் எடுத்த சங்குகள் வங்காளத்துக்குப் போய், அறுபட்டு, அந்நாட்டுச் சுமங்கலிகளின் கையில் வளையாயின. நம் கோயில்களில் ஒலிக்கும் சங்கும் பெரும்பாலும் இந்தக் கடலில் பிறந்ததே. விடியற்காலையில் அதன் ஓசையைக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்கிற நாம், மூச்சைப் பிடித்து அதை மேலே கொண்டு வந்த கை யாருடையது என்று ஒரு நாளாவது எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் கடலில் சண்டையே நடந்ததில்லை என்று சொல்ல நான் வரவில்லை. முத்துக்கும் துறைக்கும் போட்டி இருந்தது. 1530-களில் பரதவர் போர்த்துக்கேசியரின் பாதுகாப்பை நாடிக் கிறிஸ்தவரானதற்கு அந்தப் போட்டியும் ஒரு காரணம். 1538-ல் வேதாளையில் போர்த்துக்கேசியர் மரக்காயர் படையை முறியடித்தார்கள். பின்னால் டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். அந்நியக் கம்பெனிகளிடம் கடல் சிக்கிக்கொண்ட பிறகு பரதவரும் மரக்காயரும் ஒருங்கே தாழ்ந்தார்கள். அந்தக் கடலில் மறுபடியும் நம் கப்பல் ஓடவேண்டும் என்று வ.உ.சிதம்பரம் பிள்ளை 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்தபோது, ஹாஜி முகம்மது பக்கீர் சேட் இரண்டு லட்ச ரூபாய் கொடுத்து 8,000 பங்குகள் வாங்கினார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே, இந்தக் குடாக்கடலின் வழியாகவே, அந்தக் கப்பல்கள் ஓடின.

இதுவரை நம் கரையைப் பற்றிப் பேசினோம். எதிர்க்கரையையும் பார்க்கவேண்டும். 1344-ல் புத்தளத்துக்கு வந்த மொராக்கோ யாத்திரிகர் இப்னு பதூதா, அங்கே ஆரியச்சக்கரவர்த்தி என்னும் தமிழ் மன்னனைச் சந்தித்தார். பாவா ஆதம் பாதம் பதித்த மலையைத் தரிசிக்க விரும்பினார். அதே மலையை நம்மவர் சிவனொளிபாதம் என்பர். மன்னன் அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, துணைக்கு யோகிகள் நால்வரையும் பிராமணர் மூவரையும் அனுப்பி வைத்தான். ஆறரை நூற்றாண்டு கழிந்து, 1990 அக்டோபரில், அதே கரையில் நடந்தது என்ன? இலங்கையின் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் யாவரும் வெளியேறவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஆணையிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் சில மணி நேரந்தான். ஏறக்குறைய 75,000 பேர் வீடு, நிலம், படகு எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டியில் இறங்கினார்கள். புத்தளத்தில் அகதிக் குடிசை போட்டார்கள். துரத்தியவர்கள் பேசியதும் தமிழ். துரத்தப்பட்டவர்கள் அழுததும் தமிழ். 2009-ல் யுத்தம் முடிந்தது. ஆயினும் முழு ஊராகத் திரும்பிப் போக எல்லாருக்கும் வாய்க்கவில்லை. "நீ எப்போது தமிழ் கற்றுக்கொண்டாய்?" என்று ஒரு சிறுவன் கேட்டதை நான் அற்பமாக எண்ணாததற்கு இதுதான் காரணம். வகுப்பில் அது அறியாமை. அதே கேள்வியை ஆயுதம் தாங்கியவன் கேட்டால், ஓர் ஊரே காலியாகிவிடுகிறது.

குடாக்கடலும் இப்போது பழைய கடலாக இல்லை. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போயிற்று. திருச்சி ஜங்ஷன் வழியாகப் போய்க்கொண்டிருந்த 'போட் மெயி'லின் பழைய மகிமையும் அத்துடன் கழிந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப் பாறைகளை வெட்டியெடுத்ததில் இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. மீதித் தீவுகளையும், அவற்றைச் சுற்றி மேயும் கடற்பசுவையும் காப்பாற்ற 1986-ல் கடல் தேசியப் பூங்காவும், 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகமும் ஏற்படுத்தியிருக்கிறார்கள். முத்துக்காக அராபியர் இங்கே வந்த காலம் போய், சம்பளத்துக்காகக் கீழக்கரைப் பிள்ளைகள் அராபியர் நாட்டுக்குப் போகும் காலம் வந்துவிட்டது. அதற்கு முன்னே படிப்பதற்காக அவர்களில் பலர் நம் திருச்சிக்கு வருகிறார்கள். 1951-ல் தோன்றிய ஜமால் முகமது கல்லூரியில் அந்தக் கரையோரத்துப் பேச்சை இன்றும் கேட்கலாம்.

அப்படி இராமேசுவரத்திலிருந்து 1950-ல் திருச்சிக்கு வந்து, செயின்ட் ஜோசப் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்த மரக்காயர் வீட்டுப் பிள்ளை ஒருவர் உண்டு. அவர் தகப்பனார் ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். இராமேசுவரம் கோயிலின் பெரிய குருக்களான பட்சி லக்ஷ்மண சாஸ்திரிகள் அவருடைய அத்தியந்த சிநேகிதர். சீதா கல்யாண உற்சவத்துக்குப் படகு கொடுப்பது அந்தக் குடும்பத்தின் வழக்கம். அந்தப் பிள்ளைதான் 2002-ல் இந்தியக் குடியரசின் தலைவரான அப்துல் கலாம். அவரைப் போற்றாத வீடு தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் அவர் ஏதோ அபூர்வமான விதிவிலக்கு என்று எண்ணிப் போற்றுவது சரியாகாது. அவர் அந்தக் கடற்கரையின் இயல்பான விளைச்சல். கொற்கைக் காலத்திலிருந்து அந்தக் கடல் கூட்டி வைத்த உறவில் ஒரு முத்து.

வருகிற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் இராமேசுவர யாத்திரை போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஸ்நானமும் தரிசனமும் முடிந்து திரும்பும்போது, இராமநாதபுரத்தில் இறங்கிக் கீழக்கரைக்கு ஒரு பஸ் பிடியுங்கள். அங்கே கல்லால் கட்டிய பழைய ஜும்மாப் பள்ளி இருக்கிறது. அதன் தூண்களையும் போதிகைகளையும் பார்த்தால், நம் கோயில் மண்டபங்களைச் செதுக்கிய அதே உளியின் வேலை என்று குழந்தைகளுக்கே தெரியும். அனுமதி கேட்டு, அடக்கமாக நின்று பாருங்கள். வாசலில் பெரியவர் யாரேனும், "எந்த ஊர்? பசியாறினீர்களா?" என்று விசாரிப்பார். அவர் கேட்கும் தமிழைக் குழந்தைகள் கவனிக்கட்டும். நான் கரும்பலகையில் ஒரு வருஷம் எழுதிப் போடும் பாடம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.